புளி வழக்கு

மாட்டுங்கா, மும்பை – 19
ஞாயிறு மாலை

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. கண் ஆபரேஷன் முடிந்து எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது என்று எழுதியிருந்தாய். அந்தத் தைரியத்தில்தான் இத்தனை பக்கம். இங்கே மழை விட்டபாடில்லை. முட்டிவலியும் அப்படியே, மகனும் அப்படியே. ஆனால் நம் கல்லூரிக் காலத்துப் புளி வழக்கு பற்றி உனக்கு மட்டுமே சொல்லக்கூடிய சேதி ஒன்று இருக்கிறது.

மேல்வீட்டு அதிதி பதினொன்றாம் வகுப்புக்குப் போயிருக்கிறாள். அவள் அம்மா தூத்துக்குடிப் பக்கம். பெண்ணுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. “பாட்டி, கெமிஸ்ட்ரி மண்டையிலேயே ஏறல” என்று நோட்டோடு வந்து நின்றாள். பட்டம் வாங்கி நாற்பத்தொரு வருடமாக அடுப்பில் மட்டுமே வேதியியல் செய்கிறவளிடம்! சரி, உட்காரு என்றேன்.

நோட்டில் வினை வகைகளை வரிசையாக எழுதி வைத்திருந்தாள். சேர்க்கை, சிதைவு, ஒற்றை இடப்பெயர்ச்சி, இரட்டை இடப்பெயர்ச்சி, எரிதல். அஞ்சறைப்பெட்டி மாதிரி ஐந்து கிண்ணம். மெக்னீசியம் ரிப்பனைக் கொளுத்தினால் அது எந்தக் கிண்ணம் என்று கேட்டாள். ஆக்சிஜனோடு சேர்கிறது, அதனால் சேர்க்கை. வெளிச்சமாக எரிகிறது, அதனால் எரிதல். பரீட்சையில் எதை எழுதுவது என்பது அவள் கவலை. இரண்டும்தான் என்றால் அழுதுவிடுவாள் போல இருந்தது. பெட்டியை மூடி வை, எந்த வினையைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேள் என்றேன். யாருடைய எண்ணாவது மாறியதா? சூடு வெளியே வந்ததா, உள்ளே போனதா?

எண் என்றால் ஆக்சிஜனேற்ற எண்தான். தனித் தனிமமாக இருந்தால் பூஜ்யம். ஆக்சிஜனுக்குப் பெரும்பாலும் −2, ஹைட்ரஜனுக்குப் பெரும்பாலும் +1, எல்லாவற்றையும் கூட்டினால் மொத்த மின்சுமை வர வேண்டும், மின்சுமை இல்லாத சேர்மத்துக்குப் பூஜ்யம். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக் கொடுத்தேன். நான்கு ஆக்சிஜனுக்கு −8, பொட்டாசியத்துக்கு +1, ஆகவே மாங்கனீசுக்கு +7. சட்டென்று போட்டுவிட்டாள். போட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டாள் பார்: “பாட்டி, மாங்கனீஸ் நிஜமாவே ஏழு எலக்ட்ரானைத் தூக்கிக் கொடுத்திடுச்சா?”

நாம் இரண்டு பேரும் மூன்று வருடத்தில் ஒருநாள்கூட இதைக் கேட்டதில்லை, செல்வி. இல்லை, கொடுக்கவில்லை. அங்கே எலக்ட்ரான்களைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். நாங்கள் தாராவிப் பக்கம் ஒண்டுக்குடித்தனம் இருந்தோமே, இரண்டு வீட்டுக்கும் ஒரே மீட்டர், பில் மட்டும் முன்வீட்டுக்காரர் பெயரில் வரும். அதுபோல, பங்கில் இருக்கும் எலக்ட்ரான் முழுவதையும் அதை அதிகமாக இழுக்கிறவர் பெயரில் எழுதிவிடுகிறோம். அந்த எண் வெறும் கணக்குப்பிள்ளை வேலை. ஆனாலும் உபயோகமான கணக்கு. எண் ஏறினால் ஆக்சிஜனேற்றம், இறங்கினால் ஒடுக்கம். ஒருவர் ஏறாமல் இன்னொருவர் இறங்க முடியாது.

சூடு விஷயத்தில் அவளுக்கு ஒரு தப்பு ஊறிப்போயிருந்தது. பிணைப்பு உடையும்போது சூடு வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இந்தத் தப்பைப் பெரிய பெரிய ஆட்களும் செய்வார்கள். உடைக்க நாம்தான் செலவு செய்ய வேண்டும், புதுப் பிணைப்பு உண்டாகும்போதுதான் வரவு. எங்கள் அடுப்புக்குக் குழாயில் வருவது மீத்தேன். அதில் கார்பன் −4. எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆனால் +4. எட்டுப் படி ஏறுகிறது! 16 கிராம் மீத்தேனுக்கு, அதாவது எண்ணிக்கைக் கணக்கில் ஒரு மோலுக்கு, 890 கிலோஜூல் கிடைக்கிறது. லைட்டர் பொறி முதல் செலவுக்கான கைமாற்று, அவ்வளவுதான்.

சூடு உள்ளே போவதைக் காட்டத்தான் கஷ்டப்பட்டேன். பக்கத்து வீட்டு குஜராத்தி அம்மா டோக்ளா மாவு நுரைத்துப் பொங்க ஈனோ உப்பு போடுவது நினைவுக்கு வந்தது. ஒரு டம்ளரில் எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து, சமையல் சோடாவைப் போட்டு, இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். புஸ்ஸென்று நுரைத்தது. “கொதிக்குது” என்றவள், உடனே “ஐயோ, சில்லுன்னு இருக்கே!” என்று டம்ளரைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். வெளியேறுவது ஆவி இல்லை, கார்பன் டை ஆக்சைடு. வினை தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தண்ணீரிடமிருந்தும் டம்ளரிடமிருந்தும் அவள் கையிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறது. நஷ்டத்தில் ஒரு வினை ஏன் தானாக நடக்க வேண்டும் என்று கேட்டாள். அதற்குப் பதில் என்ட்ரோபி, எல்லாம் சிதறிப் பரவப் பார்க்கும் போக்கு; அது பிறகு என்று தப்பித்தேன்.

அந்த வாரமே ஒருநாள் ராத்திரி ஒன்றரை மணி இருக்கும், கடைசி லோக்கலும் போய்விட்டது. ஜன்னலுக்கு வெளியே ஒரே வெளிச்சம். தண்டவாளத்துக்கு ஒட்டுப் போடுகிறார்கள். இரும்பு ஆக்சைடையும் அலுமினியப் பொடியையும் கலந்து மண்பாண்டம் மாதிரி ஒரு மூசையில் போட்டுக் கொளுத்தினால் போதும். அலுமினியம் இரும்பிடமிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்கிறது. இரும்பு +3-இலிருந்து பூஜ்யம், அலுமினியம் பூஜ்யத்திலிருந்து +3. வெப்பநிலை இரண்டாயிரம் டிகிரியைத் தாண்டும், இரும்பு உருக 1538 போதும். உருகிய இரும்பு அடியில் தங்கி, இரண்டு தண்டவாள முனைக்கும் நடுவே அச்சுக்குள் ஓடிவிடும். லேசான அலுமினியம் ஆக்சைடு மேலே மிதக்கும். ஜெர்மனியில் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் 1895-இல் காப்புரிமை வாங்கிய வித்தை. மேலே போய் அதிதியை எழுப்பிக் கூட்டிவந்தேன். அவள் அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள், பார்க்கட்டும்.

மறுநாள் அதை வைத்தே, எந்த வழியில் நடந்தாலும் மொத்தச் சூடு மாறாது என்கிற ஹெஸ் விதியை முடித்தேன். ஒரு மோல் அலுமினியம் ஆக்சைடு உண்டாகும்போது 1676 கிலோஜூல் வரவு, ஒரு மோல் இரும்பு ஆக்சைடைப் பிரிக்க 824 செலவு, கையில் மிஞ்சுவது 852. நேற்று ராத்திரி அலுமினியம் அந்த வழியில் போகவில்லையே என்றாள். தாதர் வழியாகப் போனால் என்ன, வடாலா வழியாகப் போனால் என்ன, இறங்குவது சிஎஸ்எம்டி ஸ்டேஷனில்தானே? ஹெஸ் 1840-இல் சொன்னது இதைத்தான்.

இப்போது நம் வழக்குக்கு வருகிறேன். விடுதிக் கிணற்றடியில் கறுத்துப்போன தாமிரச் செம்பைப் புளி போட்டு விளக்கிக்கொண்டே நாம் சண்டை போட்டது ஞாபகம் இருக்கிறதா? கறுப்பு போய்ச் செம்பு பளபளக்கிறது, ஆக்சைடு உலோகமாகிவிட்டது, எனவே ஒடுக்கம் என்றேன் நான். “ஏட்டி, யாரு எலக்ட்ரான் குடுத்தா? வெறும் அமிலமும் ஆக்சைடும்தான்” என்றாய் நீ. இரண்டு நாள் பேசாமல் இருந்தோம்.

அதிதிக்காகத் தாமிரக் கம்பி ஒன்றை அடுப்பில் கருக்கி, வெந்நீரில் கரைத்த எலுமிச்சை உப்பில் ஊறவிட்டேன். கம்பி மினுங்கியது. தண்ணீர் லேசாக நீலம் பாய்ந்தது. புளிக்கரைசலின் பழுப்பில் அந்த நீலம் எங்கே நம் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்? கறுப்பு ஆக்சைடில் +2 ஆக இருந்த தாமிரம் +2 ஆகவே கரைந்து தண்ணீருக்குள் போயிருக்கிறது. பளபளத்தது அடியில் முன்பே இருந்த உலோகம். யாருடைய எண்ணும் மாறவில்லை. நீ சொன்னதுதான் சரி. நாற்பத்தொரு வருடம் கழித்து ஒப்புக்கொள்கிறேன், சந்தோஷப்பட்டுக்கொள்.

ஆனால் முழு வெற்றி தரமாட்டேன். ஹைட்ரஜன் பெராக்சைடு பாடம் நடத்தும்போதுதான் உறைத்தது. அதில் ஆக்சிஜன் −1. சிதையும்போது ஒரு பாதி −2 ஆகித் தண்ணீருக்குள் இறங்குகிறது, மறுபாதி பூஜ்யமாகி வாயுவாக ஏறுகிறது. ஒரே ஆள் ஏறவும் செய்கிறான், இறங்கவும் செய்கிறான். கருக்கிய கம்பியைச் சுரண்டினால் கறுப்புக்கு அடியில் ஒரு சிவப்புப் படலம் இருக்கும், குப்ரஸ் ஆக்சைடு. அதில் தாமிரம் +1. நீர்த்த கந்தக அமிலத்தில் போட்டால் பாதி +2 ஆகிக் கரையும், பாதி பூஜ்யமாகும். அதாவது உலோகமாகவே திரும்பும்! சிவப்பு ஆக்சைடு அளவுக்காவது நான் சொன்ன ஒடுக்கம் உண்டு. அரை மதிப்பெண் எனக்கு.

கொடுக்க மாட்டாய், தெரியும். எழுது.

உன்
பார்வதி

பி.கு.: தீபாவளிக்கு மகனோடு ஊருக்கு வரலாமா என்று யோசனை. அந்தச் செம்பு உன்னிடம் இருந்தால் அதுவரை விளக்காமல் வை.