ராணுவப் பயிற்சி முகாமில் இருக்கும் மகனுக்கு

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள தம்பி,

ஞாயிற்றுக்கிழமை போனில், "சாப்பாடு நல்லா இருக்குப்பா, குளிர் பழகிடுச்சு" என்றாய். 1999-இல் அதே மலைமேலிருந்து உன் ஆயாவுக்கு நான் எழுதிய இன்லேண்ட் லெட்டரிலும் இதே இரண்டு வரிதான். இரண்டும் பொய். உன் அம்மா நம்பிவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

விடியுமுன்னே பச்சைத் தண்ணீரில் ஷேவ் செய்தால் தாடை மரத்துப்போகும். மீசை முளைக்காதவனும் ஷேவ் செய்தே ஆகவேண்டும். அப்புறம் பி.டி., லங்கரில் (சமையல்கூடத்தில்) அவசர டீ, டிரில், ஆயுத வகுப்பு. கம்பளி மடிப்பு ஒரு விரல் கோணினால் உஸ்தாத், அதாவது பயிற்சி கொடுப்பவர், மொத்தத்தையும் இழுத்து வெளியே போடுவார். ஒருவன் செய்த தப்புக்கு பிளாட்டூனே ஃப்ரண்ட் ரோல், அதாவது குட்டிக்கரணம், அடிக்கும். இப்படி உருட்டி எடுக்கும் தண்டனைக்கு 'ரகடா' என்று பேர். அந்தச் சொல்லை நீ இன்னும் வீட்டில் சொல்லவில்லை. எனக்குத் தெரியாததா?

ஒரு வேடிக்கை. நீ ஓடிப் பழகிய தேவனாம்பட்டினத்தில் இடிந்து கிடக்கிறதே செயின்ட் டேவிட் கோட்டை, அங்கேதான் 1748-இல் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்குத் தலைமை ஏற்க வந்து இறங்கினான். இந்தியப் படைக்கே தகப்பன் என்பார்கள் அவனை. அந்த ஃப்ரண்ட் ரோல் நம் ஊரிலிருந்து போனதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

எங்கள் பயிற்சி பாதியில் இருக்கும்போதுதான் கார்கில் வந்தது. மே மாதம் வரை உஸ்தாதைத் திட்டித் தீர்த்தவர்கள் ஜூனில் வாயை மூடிக்கொண்டோம். சாப்பாட்டு வரிசையில்கூடப் பேச்சில்லை. நாங்கள் பயிற்சி முடிப்பதற்குள் ஜூலை 26-இல் சண்டை ஓய்ந்தது. பத்தொன்பது வயதில் அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு எல்லைக்குப் போனோம். ராஜஸ்தான் மணலில் பத்து மாதம் பங்கர் தோண்டிக் காத்திருந்தோம். சண்டை வரவில்லை. மணல்தான் வந்தது, சப்பாத்தியில், கண்ணில், ரைஃபிளில். இருட்டில் தடவியே ரைஃபிளைப் பிரித்துத் துடைத்துப் பூட்டுவேன். அந்தப் பழக்கத்துக்கு முகாமில் எத்தனை முறை உருண்டேன் என்று உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

சரி, கால் விஷயத்துக்கு வருகிறேன். கொப்புளத் தோலைப் பிய்க்காதே. மெல்லிய சாக்ஸ் உள்ளே, தடித்தது மேலே. ரூட் மார்ச் (நெடுந்தூர நடை) முடிந்ததும் பூட்ஸைக் கழற்றிக் காலைக் காயவிட்டுவிட்டுத்தான் டீக்கு ஓடவேண்டும். அக்னிபாத் திட்டத்தில் நாலு வருஷம் கழித்து நூற்றில் இருபத்தைந்து பேருக்குத்தான் வேலை நிலைக்கும் என்பதை இப்போதே மண்டையில் ஏற்றிக்கொள்ளாதே. அந்தத் திட்டம் எனக்குப் பிடிக்கவில்லை, அது வேறு கதை.

அம்மா முறுக்கு சுட்டிருக்கிறாள். நீங்கள் தங்கும் பாரக்கில் ஐந்து நிமிஷம் தாங்காது, தெரியும். இருந்தாலும் அனுப்புகிறேன்.

அவளிடம் அதே பொய்யைச் சொல்லிக்கொண்டிரு. எனக்கு மட்டும் உள்ளதை எழுது. பயிற்சி முடிந்து நீ உறுதிமொழி எடுக்கும் கசம் பரேடுக்கு இரண்டு பேரும் வருகிறோம். அவளுக்கு ஸ்வெட்டர் வாங்கிவிட்டேன்.

அப்பா