படகு உரிமையாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

துடுப்புப் போட்டி, கரைத் தூய்மைப் பணி, சிறுவர் நீச்சல் பயிற்சி மூன்றும் வழக்கம்போல் நடந்தன. செயற்குழு 6 முறை கூடியது. அதில் 2 முறை போதிய எண்ணிக்கையில் ஆள் வராததால் கலைந்தோம்.

என் நேரத்தில் பெரும்பகுதி படகுகளின் பதிவையும் காப்பீட்டையும் சரிபார்ப்பதில் போனது. "அவரவர் படகு, அவரவர் பாடு, சங்கம் ஏன் தலையிட வேண்டும்?" என்று சிலர் கேட்டார்கள். புயலடித்த இரவில் கயிறு அறுந்த ஒரு படகு பக்கத்துப் படகுகள் இரண்டை இடித்து நொறுக்கியதே, அதுதான் என் பதில். இடித்த படகுக்குப் பாலிசி இருந்தது. ஆனால் பதிவுச் சான்று பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடந்தது. பெரிய எஞ்சின் மாற்றியதையும் காப்பீட்டாரிடம் சொல்லவில்லை. க்ளெய்ம் இன்றுவரை இழுபறியில் இருக்கிறது. அடிபட்ட இருவரும் கைக்காசு போட்டுப் பழுது பார்த்தார்கள். அவர்கள் செய்த தவறு என்ன?

ஆகவே 4 ஞாயிற்றுக்கிழமைகள் கட்டுத்துறையில் உட்கார்ந்தேன். படகின் பின்முனையை மூடும் பலகையின் வலப்புறம் மேலே பொறித்திருக்கும் அடையாள எண்ணை ஒவ்வொரு படகிலும் படித்து, பதிவுச் சான்றோடும் பாலிசியோடும் ஒப்பிட்டோம். சர்வதேசத் தர முறையில் அது 14 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. தயாரிப்பாளர் யார், எந்த மாதம், எந்த ஆண்டு கட்டியது என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். சில சான்றுகளில் ஓர் எழுத்து மாறியிருந்தது. திருட்டுப் போனால் அந்த ஓர் எழுத்துக்காக அலைய வேண்டிவரும்.

என் பாலிசியையே அப்போதுதான் வரி வரியாகப் படித்தேன். மூழ்கினால் கிடைப்பது முன்பே ஒப்புக்கொண்ட தொகையா, தேய்மானம் கழித்த அன்றைய விலையா என்பது முதல் பக்கத்திலேயே இருந்தும் கவனித்ததில்லை. போட்டிக்குத் தனி ஒப்புதல் வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாது. கரையேற்றி வைக்கும் மாதங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அந்த மாதங்களில் ஓட்டினால் காப்பீடு செல்லாது. மூழ்கிய படகை அப்புறப்படுத்தும் செலவு அடங்குமா, மற்றவர் படகுக்கும் உயிருக்கும் நேரும் சேதத்துக்கான பொறுப்பு எவ்வளவு வரை என்பதையும் பாருங்கள். மெல்ல மெல்ல வரும் துருவுக்கும் உளுப்புக்கும் பொதுவாக எந்தப் பாலிசியும் பணம் தராது.

11 உறுப்பினர்கள் ஒரு ஞாயிறுகூட வரவில்லை. போனில் "அடுத்த வாரம்" என்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் சந்தாவும் கட்டவில்லை என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டு நினைவூட்டல் கடிதம் போட்டுவிட்டேன்.

கணக்கு விவரம் பொருளாளரிடம் உள்ளது. வரவுக்குள் செலவை அடக்கிவிட்டோம். கட்டுத்துறைப் பழுதுக்கு ஒதுக்கிய தொகை மட்டும் போதவில்லை. பொருளாளருக்கும், கணக்குத் தணிக்கை செய்தவருக்கும், கட்டுத்துறைக் காவலருக்கும் நன்றி.

வரும் ஆண்டு இதைத் தனியாளாகச் செய்ய என்னால் ஆகாது. இரண்டு பேர் உடன் வந்தால் பொறுப்பில் தொடர்கிறேன். இல்லையென்றால் பொதுக்குழு வேறொருவரைப் பார்க்கலாம், எனக்கு வருத்தமில்லை. படகுக்கு ஒரு பக்கம் வீதம் கோப்பு போட்டு அதோ மேசைமேல் வைத்திருக்கிறேன். இன்னும் 11 பக்கங்களில் பெயர் மட்டும்தான் இருக்கிறது. புறப்படும் முன் உங்கள் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்