எங்கள் மகளைத் தேற்றித் தந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

எங்கள் முதல் குழந்தை குறித்த நாளுக்கு முன்பே, 2 கிலோவுக்கும் குறைவான எடையில், கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் பிறந்தாள். இன்று நலமாக இருக்கிறாள். உதவிய ஒவ்வொருவரையும் தேடிச் சென்று நன்றி சொல்லக் கைக்குழந்தையோடு இயலாததால், இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, பச்சிளம் குழந்தைகள் பிரிவின் செவிலியர்களுக்கு. உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லாத பிள்ளைக்குப் பால் புகட்டும் வகை தெரியாமல் நான் நின்றபோது, சீம்பாலைப் பீச்சி எடுக்கக் கற்றுக்கொடுத்து, பால் புகட்டும் சிறு கிண்ணமான பாலாடையின் மூக்கைக் குழந்தையின் கடைவாயில் வைத்து, ஒரு சொட்டை அவள் விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த சொட்டைச் சரிக்க வேண்டும் என்று என் கையைப் பிடித்துக் காட்டினார் ஒரு செவிலியர். எடை குறைகிறதே என்று நான் கலங்கியபோதெல்லாம், பிறந்த சில நாட்களில் சற்றுக் குறைந்து பின்னர் ஏறுவது இயல்புதான் என்று சலிக்காமல் விளக்கினார். குழந்தையைத் தோலோடு தோல்பட நெஞ்சில் அணைத்து உடல்சூட்டைக் காக்கும் கங்காரு பராமரிப்பை என் கணவருக்கும் அவரே கற்பித்தார். மகளைத் தொடவே அஞ்சியிருந்த என் கணவர், சட்டையைக் கழற்றிவிட்டு அவளை நெஞ்சில் ஏந்தி அசையாமல் அமர்ந்திருந்ததை நான் என்றும் மறக்க மாட்டேன்.

வீடு திரும்பிய பிறகுதான் எனக்கு உண்மையான சோதனை தொடங்கியது. பார்க்க வந்தவர்கள் பலரும் "இவ்வளவு சின்னதா இருக்கே" என்று சொல்லிச் சென்றார்கள். நான் காரணமின்றி அழுதேன், குழந்தை உறங்கியபோதும் உறங்கவில்லை. எங்கள் கிராம சுகாதார செவிலியர் வந்த அன்று, குழந்தையின் தொப்புளையும் கண்ணையும் பார்த்து முடித்தபின், "நீ தூங்குறியாம்மா?" என்று என்னைக் கேட்டார். பிறகு என் கணவரையும் மாமியாரையும் உட்காரவைத்து, பிரசவத்துக்குப் பின் பல தாய்மார்களுக்கு இப்படி மனம் கலங்குவதுண்டு என்றும், இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்றும், 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணிலும் பேசலாம் என்றும் எடுத்துரைத்தார். அன்றிலிருந்து இரவில் இருவரும் முறைவைத்து விழித்தார்கள். நான் உறங்கினேன், மெல்ல மீண்டேன். பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போகிறவர்கள், குழந்தையின் எடையைக் கேட்பதற்கு முன் தாய் சாப்பிட்டாளா, உறங்கினாளா என்று கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

என் மாமியாருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது அவர் தலைமுறையின் வழக்கம். ஆனாலும் ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கூடாது என்று செவிலியர் சொன்னதை ஏற்று, தேன் கொண்டுவந்த உறவினர்களையும் அவரே மனம் நோகாமல் தடுத்துவிட்டார்.

கடலூர் துறைமுகத்திலிருந்து பால்சுறா கிடைத்தபோதெல்லாம் எனக்கென்று எடுத்துவைத்துத் தந்த மீன்கார அக்காவுக்கும், சத்துமாவோடு ஆறுதலும் தந்த அங்கன்வாடி பணியாளருக்கும், ஐப்பசி மழையில் நள்ளிரவில் எங்களை மருத்துவமனையில் சேர்த்துவிட்டுக் கூலி வாங்க மறுத்த ஆட்டோக்காரத் தம்பிக்கும் எங்கள் நன்றி.

பாலாடை பிடிக்கக் கற்றுத்தந்த செவிலியர் அவர்களே, பதற்றத்தில் தங்கள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. மகள் இப்போது நேரடியாகவே பால் குடிக்கிறாள். அடுத்த தடுப்பூசிக்குக் கடலூர் வரும்போது, அவளைத் தங்களிடம் காட்டத் தூக்கி வருகிறோம்.

என்றும் நன்றியுடன்,
குள்ளஞ்சாவடி அருகிலிருந்து ஒரு தாய்