ஜெபிக்க உட்கார்ந்தால் மனசு ஓடுகிறது என்று எழுதிய தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. ஜெபிக்க உட்கார்ந்தால் ஆபீஸ் வேலையும் கடன் தவணையும்தான் மனதில் ஓடுகிறது என்கிறாய். அப்பாவின் உடம்புக்காக இவ்வளவு நாள் கேட்டும் ஒன்றும் மாறவில்லை என்கிறாய். கூட்டத்தில் எல்லோரும் சத்தமாக ஜெபிக்கும்போது உனக்கு வாயே வருவதில்லை. "எனக்கு ஜெபிக்கத் தெரியவில்லையா, விசுவாசமே இல்லையா அக்கா?" என்று கேட்டு முடித்திருக்கிறாய்.

இரண்டுமே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆண்டவருக்கு எது பிடிக்கும் என்று நீ நினைக்கிறாயோ அதை மட்டும் அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாய். உனக்குள் உண்மையில் ஓடுவதை ஜெபத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு, அது உள்ளே எட்டிப்பார்க்கும்போதெல்லாம் "கவனம் சிதறுகிறது" என்று வருத்தப்படுகிறாய்.

தவணை ஞாபகம் வருகிறதா, தவணையைப் பற்றியே பேசு. கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்தைப் பார். பிதாவின் நாமம், ராஜ்யம், சித்தம் என்று வானத்தளவு விஷயங்கள் மூன்று. அடுத்த வரியே அன்றாட ஆகாரம். நடுவில் ஒரு மூச்சு விடும் இடைவெளிகூட இல்லை. மளிகைக் கணக்கை ஆவிக்குரியதல்ல என்று ஒதுக்கியது நாம்தான், அவர் ஒதுக்கவில்லை. அந்த ஜெபத்தை நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடம் ஆகாது. அதற்குச் சற்று முன்புதான், அதிக வசனிப்பினால் ஜெபம் கேட்கப்படும் என்று நினைக்காதீர்கள் என்றும், நீங்கள் கேட்பதற்கு முன்பே உங்களுக்கு என்ன தேவை என்று பிதாவுக்குத் தெரியும் என்றும் சொல்லியிருக்கிறார் (மத்தேயு 6).

அவருக்குத்தான் தெரியுமே, அப்புறம் எதற்குக் கேட்பது என்பாய். சரி, அவருக்குத் தெரியும். உனக்குத் தெரியுமா? "ஆண்டவரே, இந்த வேலை போகாமல் காப்பாற்றும்" என்று ஆரம்பித்துப் பார். அதை அங்கேயே நிறுத்தாமல், ஏன் பயமாக இருக்கிறது என்பதையும் சொல்லு. இரண்டு மூன்று வாக்கியத்துக்குள், சம்பளத்தைவிட மச்சான் முன்னால் தலைகுனிய வேண்டியிருக்குமே என்பதுதான் உன்னைத் தூங்கவிடவில்லை என்று தெரியவரலாம். அப்போது நீ கேட்பதே மாறிவிடும். ஜெபம் அன்றாட வாழ்க்கையில் வேலை செய்வதை நான் அதிகம் பார்த்தது இந்த இடத்தில்தான். கேட்டது கிடைப்பதற்கு முன்பே, எதைக் கேட்கிறோம் என்பது தெளிந்துவிடுகிறது.

நேரம் இல்லை என்பதற்கும் ஒரு பதில் இருக்கிறது. பழைய ஏற்பாட்டில் வருகிற நெகேமியா பாரசீக ராஜாவுக்குப் பானபாத்திரக்காரன். ராஜா "நீ கேட்கிற காரியம் என்ன?" என்கிறார். பதில் சொல்லுமுன் நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணினேன் என்கிறான். ராஜா முன்னால் நின்றபடி கண்ணை மூடி அரை மணி நேரம் ஜெபித்திருக்க முடியாது. ஒரு வாக்கியம் இருந்திருக்கும், அவ்வளவுதான். இதை வைத்து "குட்டி ஜெபமே போதும்" என்று பிரசங்கம் செய்கிறவர்கள் நெகேமியா புத்தகத்தின் முதல் அதிகாரத்தைத் தாண்டிவிடுகிறார்கள். எருசலேமின் மதில் இடிந்துகிடக்கிறது என்ற செய்தி கிஸ்லேவ் மாதத்தில் வந்தது. ராஜாவோடு அவன் பேசியது நிசான் மாதத்தில். இடையில் ஏறக்குறைய நாலு மாதம். செய்தி வந்தபோதே உட்கார்ந்து அழுது, உபவாசித்து, மன்றாடியவன் அவன். அப்புறம் இன்னொன்றையும் கவனி. ராஜா சம்மதித்தவுடனே, நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும், வாசல் கதவுகளுக்கு மரம் வேண்டும் என்று தயாராகக் கேட்கிறான். ஜெபித்த மாதங்களில் அவன் கணக்கும் போட்டிருக்கிறான்.

உன் வேலையில் இதற்குச் சமமான இடம் எது தெரியுமா? மேலதிகாரியின் மெசேஜ் வந்து, கோபத்தில் பதில் டைப் செய்து முடித்து, அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரல் நிற்கிற அந்த இரண்டு நொடி. அங்கே சொல்ல 141-ஆம் சங்கீதத்தில் ஒரு வரி இருக்கிறது: "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்." விரலுக்கும் சேர்த்துத்தான்.

அந்த மேலதிகாரிக்காகவும் ஜெபி. முதல் நாள் "அவரைத் திருத்தும்" என்றுதான் வரும். அது பாதி புகார்தான், பரவாயில்லை, அதுதானே உள்ளே இருக்கிறது. இரண்டாவது நாள் அவருக்கு ஏதாவது ஒரு நல்லது கேள். அவர் பிள்ளையின் பரீட்சை, அவருடைய முதுகுவலி, உனக்குத் தெரிந்த ஏதாவது ஒன்று. பெயர் சொல்லிக் கேள். காலையில் ஒருவருடைய முதுகுவலிக்காக ஜெபித்துவிட்டு மத்தியானம் அவரைப் பற்றி வம்பு பேசுவது கொஞ்சம் கஷ்டம். சத்துருக்களுக்காக ஜெபம்பண்ணுங்கள் என்று இயேசு சொன்னபோது இதுவும் அவர் மனதில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இனி அப்பா விஷயம்.

"விசுவாசத்தோடு கேட்டிருந்தால் நடந்திருக்கும்" என்று யாரோ உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள் போல. சொன்னவர் நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கலாம். ஆனாலும் அந்தப் பேச்சை நான் ஏற்பதில்லை. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில், தனக்கு வரப்போகும் பாடுகளை நினைத்து, இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும் என்று இயேசுவே கேட்டார். ஒருமுறை கேட்டு விட்டுவிடவில்லை. மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். பாத்திரம் நீங்கவில்லை. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொல்வார்களா? அப்போஸ்தலர் பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள், அதாவது தன்னை வாட்டிய ஒரு வேதனை, நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. தன் இளம் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு எழுதிய கடைசிக் கடிதத்தின் முடிவில், துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று போகிறபோக்கில் எழுதுகிறார். எத்தனையோ பேர் குணமாகக் காரணமாக இருந்த பவுல், கூட வந்த ஊழியனை நோயோடு விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. அதற்கு ஒரு வரி விளக்கம்கூட அவர் கொடுக்கவில்லை. நமக்குத்தான் எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது.

மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெபத்தை மட்டும் நம்பச் சொல்லி யாராவது வந்தால், தயவுசெய்து வாசலோடு அனுப்பிவிடு. அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போன தீமோத்தேயுவிடம் பவுல், வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்றுதான் சொன்னார். மாத்திரை டப்பாவை நிரப்புகிற நேரத்தில் "இது வேலை செய்யட்டும் ஆண்டவரே" என்று சொல்லிக்கொண்டே நிரப்பலாம். எனக்கு அது முழு ஜெபம்.

கோபம் வந்தால் கோபத்தையும் கொண்டுபோ. 13-ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களுக்குள் தாவீது "எதுவரைக்கும்" என்று நாலு தரம் கேட்கிறான். என்னை மறந்துவிட்டீரா என்று நேராகவே கேட்கிறான். அவனாவது கடைசியில் பாட்டுக்கு வந்துவிடுகிறான். 88-ஆம் சங்கீதத்தில் அதுவும் இல்லை. சிநேகிதர்களையும் என்னைவிட்டு விலக்கிவிட்டீர் என்று புலம்பியபடியே முடிந்துவிடுகிறது, கடைசியில் ஒட்டுப்போட ஓர் ஆறுதல் வசனம் கிடையாது. அதையும் ஜெபப் புத்தகத்துக்குள்தான் வைத்திருக்கிறார்கள். இதை வாசித்த பிறகும், கோபத்தை மறைத்துக்கொண்டு வறட்டு ஸ்தோத்திரம் சொல்லத்தான் வேண்டுமா? ஸ்தோத்திரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. உள்ளதைச் சொல்லி முடித்தபின் வருகிற ஸ்தோத்திரத்துக்கு ஒரு கனம் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒன்றுமே தோன்றாத நாட்களும் வரும். கோபமும் இருக்காது, ஆசையும் இருக்காது. அந்த நாட்களுக்கு இரவல் வார்த்தை போதும். மனப்பாட ஜெபம் என்று நம்மில் சிலர் அதை இளக்காரமாகப் பார்ப்பார்கள். ஆனால் சிலுவையில் இயேசு கதறியது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரியை. மிகப் பழைய திருச்சபைப் போதனை நூல்களில் ஒன்றான டிடாக்கே, கர்த்தருடைய ஜெபத்தை ஒரு நாளில் மூன்று முறை சொல்லச் சொல்கிறது. எழுந்ததும் ஒருமுறை, சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை, படுக்குமுன் ஒருமுறை என்று நீ வைத்துக்கொள்ளலாம். எழுந்ததும் என்றால் போனைக் கையில் எடுப்பதற்கு முன். எடுத்த பிறகு அந்தக் காலை உன்னுடையதாக இருக்காது, உனக்கே தெரியும்.

கடைசியாக, வாய்விட்டு ஜெபிக்க வராதது. அன்னாள் ஆலயத்தில் ஜெபித்தபோது உதடுகள் மட்டும்தான் அசைந்தன, சத்தம் கேட்கவில்லை. ஆசாரியனாகிய ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். அதனால் கூட்டத்தில் இருப்பவர்களின் கணிப்பைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. சத்தமாக ஜெபிக்கிறவர்களிலும் சிலர் ஆண்டவரைவிடப் பக்கத்தில் இருப்பவர்களிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். "ஆண்டவரே, கூட்டத்துக்குத் தாமதமாக வருகிறவர்களை நீர் அறிவீர்" என்றால் அது யாருக்கான அறிவிப்பு?

உன் முறை வரும்போது இப்படிச் சொல்லிப் பார்: "ஆண்டவரே, அப்பாவுக்கு டெஸ்ட் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. கூட இரும். ஆமென்." இதற்குமேல் தேவையில்லை. மீதியைப் பக்கத்தில் இருக்கும் யாராவது எடுத்து ஜெபிப்பார்கள், சேர்ந்து ஜெபிப்பது அதற்குத்தானே.

டெஸ்ட் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்று எழுது. அப்பாவுக்கு எதை நினைத்து அதிகம் பயம் என்பதையும் அவரிடமே கேட்டு எழுது. அதையே சொல்லிக் கேட்கிறேன்.

அன்புடன்,
அக்கா