அதிபர் மாளிகையில் தொடங்காதீர்கள்: புசான் மாநகர அரசுக்கும் கொரியப் பாரம்பரியப் பணியகத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு வணக்கம்.

கொரியப் போரின்போது (1950–53) தென்கொரியாவின் தற்காலிகத் தலைநகராக இருந்த புசானின் அடையாளங்களை உலகப் பாரம்பரியச் சின்னமாக்க நீங்கள் எடுத்துவரும் முயற்சி பலிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். 2023 மே மாதம் அது யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில், அதாவது விண்ணப்பிக்கும் முன் ஒரு நாடு கொடுத்துவைக்கும் பட்டியலில், சேர்ந்தது. அரண்மனை, கோயில், மன்னர் கல்லறை என்று பழம்பெருமையையே முன்வைத்து வந்த கொரியா, இருபதாம் நூற்றாண்டில் தான் பட்ட பாட்டையும் உலகத்தின் முன் வைக்கத் துணிந்திருப்பது பெரிய விஷயம். எங்கள் செஞ்சிக் கோட்டை பட்டியலில் ஏறிய அதே 2025 பாரிஸ் அமர்வின்போதுதான், உலகப் பாரம்பரியக் குழுவின் அடுத்த அமர்வை நடத்தும் பொறுப்பு உங்கள் ஊருக்கு வந்தது. உலகமே புசானைப் பார்க்கிற நேரம் என்பதால் இந்தக் கடிதம்.

நான் கேட்பது ஒன்றுதான். இந்தக் கதையை அதிபர் மாளிகையில் தொடங்காதீர்கள். அகதிகள் குடியேறிய வீடுகளில் தொடங்குங்கள்.

தற்காலிகப் பட்டியலுக்குப் போன ஒன்பது இடங்களைப் பாருங்கள். தென்கொரியாவின் முதல் அதிபர் சிங்மன் ரீ தங்கியிருந்த இல்லம், அரசு இயங்கிய பழைய மாகாண அலுவலகம், வானிலை நிலையம், அமெரிக்கத் தூதரகம் இருந்த கட்டடம், துறைமுகத்தின் முதலாம் துறைமேடை, அமெரிக்கப் படையின் ஹயலியா முகாம் இருந்த இடம், ஐ.நா. நினைவுக் கல்லறை. ஆக ஏழு. ஆமிதோங், ஊவாம்தோங் என்ற இரண்டு குடியிருப்புகள்தான் சாதாரண சனங்களுடையவை. ஆனால் புசானை அந்த மூன்றாண்டுகளில் புரட்டிப்போட்டது யார்? 1949 கணக்கெடுப்பில் சுமார் 4.7 லட்சம் பேர் இருந்த நகரம் 1955இல் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. 1950 டிசம்பரில் வடகொரியாவின் ஹுங்னாம் துறைமுகத்திலிருந்து சுமார் 14,000 பேரை ஏற்றிவந்த மெரிடித் விக்டரி கப்பல், புசானில் இனி ஆள் கொள்ளாது என்பதால் கோஜே தீவுக்குப் போக வேண்டியதாயிற்று. அரசாங்கம் சியோலிலிருந்து வந்தது, போர் ஓய்ந்ததும் திரும்பிப் போய்விட்டது. வந்த சனங்களில் பெரும்பகுதி இங்கேயே தங்கிவிட்டது.

ஆமிதோங் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தாலும் தமிழ் வாசகர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காலனி ஆட்சிக் காலத்தில் அந்த மலைச்சரிவு ஜப்பானியர்களின் பொதுக் கல்லறை. 1945இல் அவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள், கல்லறைகள் அப்படியே நின்றன. போரில் ஓடிவந்தவர்களுக்கு நகரத்தின் சமதளத்தில் இடமில்லை. கல்லறைக்குக் கட்டிய கல் சுற்றுச்சுவரையே அடித்தளமாக வைத்து மேலே கூடாரம் போட்டார்கள், அப்புறம் பலகை, தகரம், பிறகு சுவர். பல வீடுகளின் அளவு இன்றைக்கும் ஒரு கல்லறையின் அளவுதான். அந்தச் சந்துகளில் ஏறும்போது காலடியில் இருக்கும் படியைக் குனிந்து பார்த்தால் செதுக்கிய எழுத்து தெரியும், மெய்ஜி, தைஷோ என்ற ஜப்பானியப் பேரரசர்களின் ஆண்டுக் கணக்கோடு யாரோ ஒருவர் இறந்த தேதி. ஒரு வீட்டு வாசலில் சமையல் எரிவாயு சிலிண்டர் நிற்பது மழமழவென்று தேய்த்த கருங்கல்லின் மேல், அதுவும் நடுகல்தான். சுவரின் அடிவரிசையிலும் அதே கற்கள்.

இதில் என்னை உலுக்குவது கற்கள்கூட இல்லை. பண்டிகை நாளில் தங்கள் முன்னோருக்குப் படைக்கும்போது, வீட்டுக்கு அடியில் கிடக்கும் பெயர் தெரியாத அந்த ஜப்பானியருக்கும் ஒரு கிண்ணம் சோறு எடுத்துவைக்கும் வழக்கம் அங்கே இருந்திருக்கிறது. முப்பத்தைந்து ஆண்டுகள் தங்கள் நாட்டை அடக்கி ஆண்டவர்களின் பிணத்துக்கு, சொந்த ஊரைப் பறிகொடுத்து வந்தவர்கள், தங்களுக்கே சோறு போதாத காலத்தில் செய்தது இது. உலகத்துக்கெல்லாம் பொதுவான மதிப்பு எது என்று யுனெஸ்கோ கேட்கும்போது, இதைவிடத் தெளிவாக நீங்கள் வேறு எதைக் காட்டப்போகிறீர்கள்?

ஊவாம்தோங்கின் கதையும் இதற்குச் சளைத்ததில்லை. கொரிய மாடுகளை ஜப்பானுக்கு ஏற்றுமதி செய்யும் முன் கட்டிவைத்துச் சோதித்த கொட்டில்கள் அவை. அவற்றைத் தடுத்துத் தடுத்து மனிதர்கள் குடியிருந்தார்கள். மாடுகளுக்குக் காற்று வரக் கூரை உச்சியில் வைத்த திறப்பு சில வீடுகளில் இன்னும் தெரிகிறது. வடக்கிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள் தங்கள் ஊர்க் குளிர் நூடுல்ஸுக்கு மாவு கிடைக்காமல், உதவியாக வந்த கோதுமை மாவில் செய்து பார்த்ததுதான் புசானின் மில்மியோன். அதை ருசித்துச் சாப்பிடும் சுற்றுலாப் பயணிகளில் எத்தனை பேருக்கு அந்தக் கொட்டில்களைத் தெரியும்?

மக்களை முன்னிறுத்தச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அண்மைக்காலப் போர் தொடர்பான இடங்களைப் பட்டியலில் சேர்ப்பதா என்று உலகப் பாரம்பரியக் குழு பல ஆண்டுகள் தயங்கிக்கொண்டிருந்தது. 2023இல்தான் வழி திறந்தது. அந்த ஆண்டே ருவாண்டா இனப்படுகொலை நினைவிடங்களும் முதலாம் உலகப் போரின் மேற்கு முனைக் கல்லறைகளும் ஏறின. 2025இல் கம்போடியாவின் நினைவிடங்கள். பாதிக்கப்பட்டவர்களின் நினைவுதான் இவற்றுக்கெல்லாம் நடுநாயகம். கொரியப் போரோ இன்னும் சமாதான உடன்படிக்கை ஆகாத போர், 1953இல் வந்தது போர்நிறுத்தம் மட்டுமே. ஓர் அரசு தாக்குப்பிடித்த பெருமையை முதலில் வைத்தால், எதிர்ப்பக்கம் நின்ற நாடுகள் தங்கள் கணக்கை எடுத்துக்கொண்டு வரும். கல்லறையின் மேல் குடியிருந்த தாயைப் பற்றி எந்த நாடு என்ன வாதம் செய்ய முடியும்?

அரசின் கதையைச் சொல்லத்தான் வேண்டும் என்றால், முழுசாகச் சொல்லுங்கள். 1952 மே மாதம் இதே புசானில் சிங்மன் ரீ இராணுவச் சட்டம் கொண்டுவந்தார். நாடாளுமன்ற உறுப்பினர்கள் வந்த பேருந்தையே அவர்களோடு சேர்த்து இராணுவக் காவலர்கள் இழுத்துப் போனார்கள். ஜூலையில், அவர் மறுபடி அதிபராக வழிசெய்யும் அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறியது. பழைய மாகாண அலுவலகத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைகள் இதையும் அங்கேயே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, செய்ய வேண்டியது என்ன? முதல் வேலை பேச்சைப் பதிவு செய்வது. 1951இல் பத்து வயதாக இருந்தவர்கள் இன்று எண்பதைக் கடந்துவிட்டார்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் ஊர்ப் பேச்சிலேயே, வீடு வீடாகப் போய்ப் பதிவு செய்து, அதையே உங்கள் விண்ணப்பத்தின் முதல் பகுதியாக்குங்கள். யோங்தோ பாலத்தையும் அப்படித்தான் சொல்ல வேண்டும். "பிரிந்துபோனால் பாலத்தடியில் சந்திப்போம்" என்று சொல்லிக்கொண்டு ஓடிவந்தவர்கள் எத்தனை பேர்! யார் யாரைத் தேடினார்கள், யார் கிடைத்தார்கள் என்பது கட்டடத்தில் இல்லை, ஆட்களின் நினைவில்தான் இருக்கிறது.

அடுத்தது குடியிருப்பவர்கள். மலையின் மறுபக்கம் காம்ச்சோன் கிராமம் இருக்கிறதே, அதுவும் வறியவர்கள் வாழ்ந்த சரிவுதான். 2009இல் கலைத்திட்டம் வந்தது, சுவர்கள் வண்ணமாயின, கூட்டம் குவிந்தது. சன்னலுக்குள் எட்டிப் பார்க்கிறார்கள், சத்தம் தாங்கவில்லை என்று அங்கே வாழ்கிறவர்கள் முறையிடும் நிலையும் வந்தது. ஆமிதோங்குக்கு அது வரக் கூடாது. பார்வையாளர் வரும் நேரத்தையும் எண்ணிக்கையையும் கட்டுப்படுத்துங்கள். வீட்டுக்காரர் கூரை மாற்றவும் கழிப்பறை கட்டவும் பாரம்பரியச் சட்டம் குறுக்கே நிற்காமல், பழுதுபார்க்கும் செலவில் பெரும்பங்கை அரசு ஏற்கட்டும். 2022இல் அங்குள்ள அகதிக் குடியிருப்பை மாநகரத்தின் முதல் பதிவுச் சின்னமாக்கியது நீங்கள்தான். அதற்குள் வாழும் மூதாட்டிக்கு வீட்டைவிட்டுப் போக வேண்டியிருக்குமோ என்ற பயம் வரவிடாதீர்கள்.

கற்களில் உள்ள பெயர்களையும் ஒன்றுவிடாமல் படித்துப் பதியுங்கள். ஜப்பானில் சொந்தக்காரர்கள் இருந்தால் தகவல் போகட்டும். கல்லைப் பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டாம், படியாக இருப்பது படியாகவே இருக்கட்டும்.

துறைமேடைக்கும் ஒரு வார்த்தை. இந்தியாவின் 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு 1950 நவம்பரில் வந்து இறங்கியது புசானில்தான். அதன் தலைவர் தமிழரான லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். இந்தியா அந்தப் போருக்குச் சண்டைப் படை அனுப்பவில்லை, மருத்துவர்களை அனுப்பியது. படைவீரர்களுக்கு மட்டுமின்றி ஊர் மக்களுக்கும் அவர்கள் வைத்தியம் பார்த்தார்கள். துறைமுகத்தின் கதையில் பீரங்கி இறங்கியதைச் சொல்லும் இடத்தில் மருந்துப் பெட்டி இறங்கியதையும் சொல்லுங்கள்.

விண்ணப்பம் முழுமையாகி யுனெஸ்கோவின் மேசைக்குப் போக இன்னும் பல படிகள் இருக்கின்றன. ஆனால் பேச்சைப் பதிவு செய்வதற்கும் பெயர்களைப் படிப்பதற்கும் கூரையை மாற்றிக் கொடுப்பதற்கும் யாருடைய அனுமதிக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த ஆண்டுச் செலவுத் திட்டத்திலேயே அவற்றுக்குப் பணம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
புசானை நேசிக்கும் ஒரு தமிழர்