வெப்பத்தைக் கடைசி வாரங்களுக்குத் தள்ளாதீர்கள்: முதலாண்டு இயற்பியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும், வினாத்தாள் அமைக்கும் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

முதலாண்டு இயற்பியலில் திணறும் மாணவர்களுடன் உட்கார்ந்து பாடம் படிக்க உதவி வருகிறேன். அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்பதால் இந்தக் கோரிக்கை. இயந்திரவியலையும் வெப்ப இயக்கவியலையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பகுதிகளாக வெட்டி, இரண்டாவதைப் பருவத்தின் கடைசி வாரங்களில் திணிக்கும் வழக்கத்தை மாற்றுங்கள். ஆற்றல் என்ற பேச்சை எடுக்கும் நாளிலேயே வெப்பத்தையும் உள்ளே விடுங்கள்.

மோதல் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோகிராம் வண்டி நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வந்து, நின்றுகொண்டிருக்கும் அதே நிறையுள்ள வண்டியோடு ஒட்டிக்கொள்கிறது. உந்தம் மாறாது என்பதால் இரண்டும் சேர்ந்து நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நகரும். இயக்க ஆற்றல் முன்பு 2 ஜூல், இப்போது 1 ஜூல். கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு, மீதி 1 ஜூல் எங்கே போனது என்று மாணவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. வெப்பமாகப் போய்விட்டது என்று அரை வரியில் முடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிறோம். அந்த வெப்பம் எங்கே இருக்கிறது, வண்டியின் வெப்பநிலை எவ்வளவு கூடியது, அது திரும்பி வருமா என்பதெல்லாம் மாதக்கணக்கில் தள்ளிப்போகிறது. அப்புறம் அந்த அத்தியாயம் வரும்போது கேட்டவருக்குக் கேள்வியே மறந்திருக்கும்.

இதைவிடக் கவலை தருவது வேலை, அதாவது விசையை அது செயல்படும் இடம் நகர்ந்த தொலைவால் பெருக்கிய அளவு, பற்றிய பாடம். சக்கரக் காலணி போட்ட ஒருவர் சுவரைக் கையால் தள்ளிப் பின்னோக்கி நகர்கிறார். அவரை முடுக்கும் வெளிவிசை சுவருடையதுதான். ஆனால் கை சுவரைத் தொடும் இடம் நகரவே இல்லை, ஆகவே சுவர் செய்த வேலை சுழியம். அப்படியென்றால் இயக்க ஆற்றல் எங்கிருந்து வந்தது? அவருடைய தசைகளில் இருந்த வேதி ஆற்றலிலிருந்து. சுவரின் விசையை அவருடைய நிறை மையம் நகர்ந்த தொலைவால் பெருக்கினால் விடை சரியாகவே வரும். ஆனால் அந்த எண் சுவர் கொடுத்த ஆற்றல் ஆகாது. சக்கரம் வழுக்காமல் வேகமெடுக்கும் காருக்கும் தரையிலிருந்து எம்பிக் குதிப்பவருக்கும் இதே கதைதான். மேசையில் சறுக்கி நிற்கும் கட்டை இன்னும் சிக்கலானது. கட்டையும் சூடாகிறது, மேசையும் சூடாகிறது. எதற்கு எவ்வளவு என்று நியூட்டன் விதிகளை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. பொருளுக்குள்ளேயே தங்கும் அக ஆற்றல் என்ற ஒன்றைச் சேர்க்காமல் உராய்வைப் பற்றி நேர்மையாகப் பேசவே வழியில்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

இந்தத் துறை வளர்ந்த விதமும் இதைத்தான் காட்டுகிறது. பீரங்கிக் குழாயைக் குடையும்போது உராய்வினால் வெப்பம் வந்துகொண்டே இருப்பதை 1798இல் அறிவியலாளர் ரம்ஃபோர்டு எடுத்துச் சொன்னார். கீழே இறங்கும் எடைகளைக் கொண்டு துடுப்புகளைச் சுழற்றி, தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று 1840களில் இயற்பியலாளர் ஜூல் அளந்தார். ஒரு கிலோகிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4186 ஜூல் வேண்டும். அதே தண்ணீர் சுமார் 427 மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது இழக்கும் நிலை ஆற்றலும் அவ்வளவுதான். நிலை ஆற்றல் படித்த அன்றே மாணவரால் இந்தக் கணக்கைப் போட முடியும். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும் 1000 கிலோ காரை நிறுத்தும்போது பிரேக்கில் சேரும் 2 லட்சம் ஜூலையும் அப்படியே கணக்கிடலாம். ஒரு லிட்டர் தண்ணீரை 48 டிகிரி அளவுக்குச் சூடாக்க அது போதும்.

வாயுவின் அழுத்தமும் அடிப்படையில் ஓர் உந்தக் கணக்குதான். 300 கெல்வினில் நைட்ரஜன் மூலக்கூறுகள் நொடிக்கு சுமார் 475 மீட்டர் சராசரி வேகத்தில் கொள்கலச் சுவரில் மோதுகின்றன. இதை மோதல் பாடத்தை ஒட்டியே நடத்தலாமே.

இப்போது நடப்பது என்ன? கடைசி வாரங்களில், வெப்ப இயந்திரத்தின் உச்சத் திறனைத் தரும் கார்னோ சுழற்சியின் படம் மனப்பாடமாகிறது. 373 கெல்வினுக்கும் 273 கெல்வினுக்கும் இடையே இயங்கும் இயந்திரத்தின் உச்சத் திறன் சுமார் 27 சதவீதம். அதே சூத்திரத்தில் (1-லிருந்து, குளிர் வெப்பநிலையைச் சூடான வெப்பநிலையால் வகுத்ததைக் கழிப்பது) செல்சியஸில் 100ஐயும் 0வையும் போட்டு, திறன் 100 சதவீதம் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகும் மாணவர்கள் உண்டு. உழைப்பில் குறை வைக்காதவர்கள் அவர்கள். அந்த விடையைப் பார்த்துத் திடுக்கிட வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் காட்டவில்லை. (போதாக்குறைக்கு, வெப்பத்தையும் வேலையையும் சேர்த்துக் கணக்கெழுதும் வெப்ப இயக்கவியலின் முதல் விதியில் வேலைக்கு வேதியியல் வகுப்பில் கூட்டல் குறி, இயற்பியல் வகுப்பில் பெரும்பாலும் கழித்தல் குறி. இரண்டு துறையினரும் ஒருமுறை உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும்.)

நாம் இழப்பதில் பெரியது, வெப்பமாகிப் போன ஆற்றல் தானாக முழுவதும் இயக்கமாகத் திரும்பாது என்று சொல்லும் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி. ஒட்டிக்கொண்ட அந்த வண்டிகளைப் படமெடுத்துப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். சேர்ந்து போகும் வண்டிகள் தாமாகக் குளிர்ந்து பிரிகின்றன, ஒன்று நின்றுவிட மற்றது வேகமெடுக்கிறது. ஆற்றல் அழிவின்மை இதைத் தடுக்கவில்லை. உந்தமும் தடுக்கவில்லை. நியூட்டனின் சமன்பாடுகளுக்கு முன்னும் பின்னும் ஒன்றே. ஆனாலும் அப்படி நடப்பதில்லை. ஏன்? 1876இல் இயற்பியலாளர் லோஷ்மிட், சக இயற்பியலாளர் போல்ட்ஸ்மனை மடக்கிய கேள்வி இதே வகையைச் சேர்ந்தது. முதலாண்டு மாணவருக்கும் புரியக்கூடிய, இயற்பியலின் ஆழமான கேள்விகளில் ஒன்று. இரண்டு பகுதிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் அது கண்ணில் படும்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். சாய்தளத்தையும் கப்பியையும் விதவிதமாகக் கோத்த கணக்குகளில் பாதியை விட்டுவிடலாம். வெப்ப இயக்கவியலுக்குக் கணிதம் போதாது என்ற வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. பகுதி வகைக்கெழுக்கள் பிறகு வரட்டும், ஆற்றல் கணக்கெழுதப் பெருக்கலும் கூட்டலும் போதும்.

வினாத்தாள் அமைப்பவர்களிடம் தனியாக ஒன்று. ஒவ்வொரு தாளிலும் ஒரு கேள்வியாவது எண்ணே கேட்காமல், ஆற்றல் எதிலிருந்து எதற்குப் போனது என்று மாணவர் தம் சொற்களில் எழுதும்படி இருக்கட்டும், அதற்கு நல்ல மதிப்பெண்ணும் கொடுங்கள். பாடத்திட்டத்தை அடுத்துத் திருத்தும்போது உதவும் என்றால், மாணவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளைத் தொகுத்து அனுப்பத் தயாராக இருக்கிறேன்.

அன்புடன்,
முதலாண்டு மாணவர்களோடு படிக்கும் ஒருவர்