தையல் மெஷின் கொடுத்தாச்சே என்கிறவர்களுக்கு

தமிழ்நாடு அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை உயர் அதிகாரிகளுக்கு வணக்கம்.

அண்மையில் ஒரு முகாமில், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பராமரிக்கும் தாய்மார்களுக்கு என்ன உதவி உண்டு என்று கேட்டு நின்ற எங்களைப் பார்த்து ஓர் அலுவலர், "உங்களுக்குத்தான் தையல் மெஷின் கொடுத்தாச்சே, அப்புறம் என்னம்மா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கணக்கு தீர்ந்த நோட்டை மூடி வைப்பது மாதிரி சொன்னார். அவர் பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். அந்த நினைப்பு அவர் ஒருவருடையது மட்டும் இல்லை என்பதால்தான் துறைக்கே எழுதுகிறேன்.

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் தாய்மார்களுக்கு மோட்டார் பொருத்திய தையல் மெஷின் கொடுக்கும் திட்டம் நல்ல எண்ணத்தில் வந்ததுதான். வீட்டிலேயே இருக்கலாம், பிள்ளையையும் பார்த்துக்கொள்ளலாம், நாலு காசும் வரும். விண்ணப்பம் எழுதும்போது எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

என் மகனுக்கு 11 வயது. மூளை முடக்குவாதம், கூடவே வலிப்பு. திடீரென்று சத்தம் கேட்டால் அவன் உடம்பு முழுக்க விறைத்துக்கொள்ளும். குக்கர் விசில் போதும், தெருவில் யாராவது பைக்கைக் கிளப்பினால் போதும். கைகள் விரிந்து, தலை பின்னால் சாய்ந்து, அப்புறம் அழ ஆரம்பிப்பான். இந்தக் குறைபாட்டின் தன்மையே அப்படி என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருக்கிறார். எங்கள் வீடு ஒற்றை அறை. அந்த அறையில்தான் அவன், அந்த அறையில்தான் மெஷின். தையல் என்றால் மோட்டார் ஒரே சீராக ஓடாது. ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். ஒவ்வொரு முறையும் அவன் விறைக்கிறான். வாசலுக்கு இழுத்துப் போட்டுத் தைக்கலாம், தைத்தும் பார்த்தேன். உள்ளே அவனுக்கு வலிப்பு வந்தால் வெளியே எனக்குத் தெரியாது.

சரி, அவன் தூங்கும்போது தைக்கலாமே என்பீர்கள். ஒரு வேளைச் சோறு ஊட்ட முக்கால் மணி நேரம் ஆகிறது. நிமிர்த்தி உட்கார வைத்து, குழையப் பிசைந்து, ஒவ்வொரு வாயாக விழுங்கும் வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் புரையேறும், நெஞ்சில் சளி கட்டும், பிறகு ஆஸ்பத்திரி. நடுவில் துணி மாற்ற வேண்டும், புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அவன் கண்ணயரும் நேரம் எப்போது வரும் என்று அவனுக்கும் தெரியாது. நைட்டி தைக்க வெட்டிய துணி, அதாவது கட்டிங், கொடுக்கும் கான்ட்ராக்டர் சாயங்காலம் வண்டியோடு வந்து நிற்பார். பேசியதில் பாதியைக்கூட முடித்திருக்க மாட்டேன். "பாவம்தான்க்கா, ஆனா எனக்கும் லோடு போகணும்ல" என்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அடுத்த தடவை கட்டிங் வேறு வீட்டுக்குப் போய்விடும்.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். ஒன்று, பகலில் பிள்ளையை நம்பி விட்டுவிட்டுப் போக ஓர் இடம் கொடுங்கள், நாங்கள் வேலைக்குப் போய்க்கொள்கிறோம். இல்லையா, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் எங்களுக்குக் கூலி கொடுங்கள்.

மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறதே என்று அடுத்த பதில் வரும். வருகிறது, நன்றி. ஒன்றிய அரசின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தில் டெல்லியின் பங்கு 300 ரூபாய். அதற்கும் 18 வயது ஆகியிருக்க வேண்டும், 80 சதவீத ஊனம் இருக்க வேண்டும். குழந்தை என்றால் ஒன்றும் கிடையாது. அந்த வகையில் நீங்கள் எவ்வளவோ மேல். ஆனால் 2,000 என்பது ஒரு நாளைக்கு 67 ரூபாய்கூட இல்லை. நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டில் நிர்ணயித்த ஒரு நாள் கூலி 336 ரூபாய். இந்த 2,000 பிள்ளையின் டயபருக்கும் வலிப்பு மாத்திரைக்கும் ஆட்டோவுக்கும் போகிற காசு. அதில் என் கூலி எங்கே இருக்கிறது?

நூறு நாள் வேலை என்றதும் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில், வேலையிடத்துக்கு ஐந்து சின்னக் குழந்தைகளோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்துக் கூலியும் தரவேண்டும் என்று இருந்தது. அருமையான விஷயம். ஆனால் உட்காரத் தெரியாத 11 வயதுப் பையன் எந்தக் கணக்கிலும் வரமாட்டான். பள்ளிக்கூடத்தில் சேர்த்தால், "நீங்களும் கூடவே இருங்க" என்கிறார்கள். அங்கேயும் நாள் முழுக்க நான்தான் ஆயா.

பிள்ளையைப் பார்த்துக்கொள்வது வேலைதான், அதற்கு ஒரு விலை உண்டு என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, உயர் ஆதரவு, அதாவது அன்றாடக் காரியங்களுக்கே பிறர் உதவி அதிகம், தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி பற்றிப் பேசுகிறது. அரசின் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு என்று ஒரு வரியையும் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டுப் பிள்ளைக்கு வலிப்பு வரும்படி யாரும் சட்டம் போடவில்லை. பக்கத்து ஆந்திரத்தில் 2024 ஜூலை முதல் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 6,000 ரூபாய், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு 15,000. அங்கேயும் பிறகு மறுபரிசோதனை என்று பலரை அலைக்கழித்தார்கள், அது வேறு கதை. ஆனால் தொகையை அந்த அளவுக்கு உயர்த்த ஓர் அரசால் முடிந்திருக்கிறது.

மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 வந்தால் எங்களைக் கூப்பிட்டு மேடையில் உட்கார வைக்கிறார்கள். "உங்களைப் போன்ற தாய்மார்கள் தெய்வங்கள்" என்று ஒருவர் பேசுவார், சால்வை போடுவார், போட்டோ எடுத்துக்கொள்வார். தெய்வத்துக்கு வீட்டு வாடகை கிடையாது, கேஸ் சிலிண்டர் தீராது, முதுகு வலிக்காது. 11 வயதாகியும் அவனைத் தூக்கித்தான் குளிப்பாட்டுகிறேன். சால்வைகளை என்ன செய்வது என்று தெரியாமல், வெட்டி அவன் கழுத்துக்கடியில் எச்சில் துணியாகப் போடுகிறேன். நன்றாக உறிஞ்சுவதுகூட இல்லை.

மன்னிக்க வேண்டும், எங்கோ போய்விட்டேன். உங்களில் பலர் அக்கறையோடு வேலை செய்வதும், உங்கள் கையில் இருக்கும் நிதிக்கு எல்லை உண்டு என்பதும் எனக்குத் தெரியும். அதனால் பணிவோடு திரும்பவும் கேட்கிறேன். ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரு பகல்நேரப் பராமரிப்பு மையம் திறந்து, அங்கே ஊட்டவும் துணி மாற்றவும் வலிப்பைக் கையாளவும் தெரிந்தவர்களை நியமியுங்கள். அது முடியும் வரை, வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருக்கும் தாய்க்கோ தந்தைக்கோ பாட்டிக்கோ, பிள்ளையின் உதவித்தொகையில் கை வைக்காமல், நூறு நாள் வேலையின் கூலி அளவிலாவது தனியாக ஒரு தொகை கொடுங்கள். தையல் மெஷின் வாங்கியவர் என்று பட்டியலில் பெயர் இருப்பதைக் காட்டி அந்தத் தொகையை மறுக்க வேண்டாம். சட்டமன்றத்தில் அடுத்த மானியக் கோரிக்கைக்குக் கொள்கை விளக்கக் குறிப்பு தயாரிக்கும்போது இந்த இரண்டையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
11 வயது மகனின் அம்மா